ஐம்புலன்களும் ஆறு பருவங்களும்

கண், காது, மூக்கு, நாக்கு, தோல் ஆகிய ஐந்தும் இறைவன் மனிதனுக்கு அளித்த ஐந்து வாசல்கள். எழுத்தறியும் முன்பே குழந்தை இவ்வாசல்களின் வழியாக உலகை அறிந்துகொள்கிறது. ஆனால் இன்று பல வீடுகளில், குழந்தை அழுதால் கையில் கைப்பேசியைக் கொடுத்து அமர்த்திவிடுகிறோம். அதில் மாம்பழம் தெரியும், மணக்காது. மழை பெய்யும், நனைக்காது. ஐந்து வாசல்களில் இரண்டை மட்டும் திறந்துவிட்டு மூன்றை அடைத்துவிடுவது முறையாகுமா?

ஒரு வயதுக் குழந்தைக்குத் திரை வேண்டவே வேண்டாம் என்றும், 2 முதல் 4 வயது வரை நாளொன்றுக்கு 1 மணி நேரத்திற்கு மேற்படக் கூடாது என்றும் உலகச் சுகாதார நிறுவனம் 2019-ஆம் ஆண்டில் அறிவுறுத்தியது. சரி, திரையை எடுத்துவிட்டு அதற்குப் பதிலாக எதைக் கொடுப்பது? விடை நம் வீட்டு முற்றத்திலும் அடுக்களையிலுமே இருக்கிறது.

புலன் பயிற்சியின் அருமையை உலகுக்கு உணர்த்தியவர் இத்தாலி நாட்டு மருத்துவர் மரியா மாண்டிசோரி அம்மையார் (1870–1952). 1907-இல் ரோமாபுரியின் ஏழை மக்கள் வாழ்ந்த பகுதி ஒன்றில் ‘குழந்தைகள் இல்லம்’ ஒன்றைத் தொடங்கினார். சொரசொரப்பான பலகை, வழுவழுப்பான பலகை, குலுக்கினால் ஒலிக்கும் பெட்டி, மணப்புட்டி ஆகியவையே அவர் குழந்தைகளுக்குக் கொடுத்த பாடக்கருவிகள். 1939-இல் அவர் நம் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் தங்கிப் பணியாற்றினார். ஒரு நேரத்தில் ஒரு புலனுக்கு மட்டும் வேலை கொடுக்க வேண்டும் என்பது அவரது முறை. தொட்டறிய வேண்டுமானால் கண்ணைக் கட்டிவிட வேண்டும்.

இம்முறையை நம் முன்னோர் வகுத்த ஆறு பருவங்களோடு இணைத்துப் பார்ப்போம்.

சித்திரையும் வைகாசியும் இளவேனிற் காலம். மல்லிகை, வேப்பம்பூ, மாவிலை, எலுமிச்சை இலை ஆகியவற்றைத் தனித்தனியே கிண்ணத்தில் வைத்து, கண்ணைக் கட்டி முகரச் சொல்லலாம். இலைகளைச் சிறிது கசக்கிவைத்தால் மணம் நன்கு எழும். மண்பானையிலும் எவர்சில்வர் குடத்திலும் நீர் ஊற்றி, சில மணி நேரம் கழித்து இரண்டிலும் விரலை நனைக்கச் சொல்லலாம். பானை நீரே அதிகம் குளிரும். பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது வெப்பத்தையும் எடுத்துச் செல்வதே இதற்குக் காரணம். குழந்தை அறியும் முதல் விஞ்ஞானப் பாடம் இதுவாகட்டும்!

ஆனியும் ஆடியும் முதுவேனில். காற்று பலமாக வீசும் காலம். பனையோலையில் காற்றாடி செய்து கொடுத்தால் குழந்தை காற்றின் திசையைக் கன்னத்தாலும் கையாலும் அறியும். பூவரசு இலையைச் சுருட்டி, ஒரு முனையை இலேசாக நசுக்கினால் பீப்பி தயார். பெரிய இலையும் சிறிய இலையும் வெவ்வேறு குரலில் ஒலிப்பதைக் கேட்கச் சொல்லலாம்.

ஆவணி, புரட்டாசி கார்காலம். ஐப்பசி, கார்த்திகை கூதிர்காலம். முதல் மழையில் எழும் மண் வாசனையை முகர வாசலுக்கு அழைத்து வாருங்கள். மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்னும் பொருள் அவ்வாசனைக்கு ஒரு முக்கிய காரணம். ஓட்டின் மேல், தகரத்தின் மேல், வாழையிலையின் மேல் மழை விழும் ஓசைகள் வேறு வேறு. கண்ணை மூடிக் கேட்டுக் கண்டுபிடிப்பது நல்ல விளையாட்டு. மழை விட்ட பின் களிமண்ணில் சட்டியும் பானையும் செய்யலாம்.

மார்கழி, தை முன்பனிக் காலம். 1223-இல் புனித பிரான்சிஸ் அசிசியார் கிரேச்சியோ என்னும் ஊரில் வைக்கோலும் உயிருள்ள மாடும் கழுதையும் கொண்டு குடில் அமைத்தார். இயேசு பாலன் பிறந்த எளிய சூழலை மக்கள் கண்ணாரக் காணவேண்டும் என்பதே அவரது விருப்பம். நம் வீட்டுக் குடிலிலும் வைக்கோலைப் பரப்பும் வேலையைக் குழந்தைக்குக் கொடுப்போம். ஈர மண்ணில் கடுகும் கேழ்வரகும் தூவிவைத்தால் சில நாட்களில் பசும்புல் போல் முளைக்கும். அதைத் தடவிப் பார்க்கும் இன்பமே தனி.

மாசி, பங்குனி பின்பனிக் காலம். புளி தட்டும் நாட்கள். காலியான தீப்பெட்டிகளை இரண்டிரண்டாக எடுத்து, ஒரு ஜோடியில் புளியங்கொட்டை, ஒன்றில் மணல், ஒன்றில் அரிசி போட்டு நன்றாக ஒட்டிவிட வேண்டும். குலுக்கிப் பார்த்து ஜோடி சேர்ப்பதே விளையாட்டு. மாண்டிசோரி அம்மையாரின் ஒலிப்பெட்டி செலவின்றி நம் வீட்டுக்கு வந்துவிடும்!

விளையாட்டின்போது பெயரைச் சொல்லித் தருவதும் முக்கியம். சொரசொரப்பு, வழுவழுப்பு, பிசுபிசுப்பு, கரகரப்பு எனத் தொடு உணர்வுக்கு நம் தாய்மொழியில் எத்தனை சொற்கள்! பிசுபிசுப்பு என்பது புத்தகத்தில் மட்டும் படிக்கும் பிள்ளைக்கு வெறும் எழுத்து. பலாச்சுளை உரித்த பிள்ளைக்கோ அது விரலில் ஒட்டிய உண்மை.

சில எச்சரிக்கைகளும் தேவை. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையிடம் சிறு விதைகளைத் தரக்கூடாது. வாயிலோ மூக்கிலோ போட்டுக்கொள்ளும். சிவப்பும் கறுப்புமாக அழகாய் இருக்கும் குன்றிமணி கொடிய நஞ்சு. அது விளையாட்டுப் பொருளே அன்று. வாளியில் சிறிதளவு நீர் இருந்தாலும் சிறு குழந்தையைத் தனியே விடலாகாது. முகரவோ சுவைக்கவோ கொடுக்கும் எதையும் பெரியவர்கள் முதலில் பார்க்க வேண்டும்.

அன்புத் தோழிகளே! தம்பி தங்கையரோடு நாள்தோறும் அரைமணி நேரம் இவ்வாறு செலவிடுவோம். பெற்றோர்களே! பிள்ளை சேற்றோடு வந்து நின்றால் சினம் கொள்ளாதீர்கள். துணியில் பட்ட சேறு துவைத்தால் போய்விடும்; கையால் கற்ற பாடமோ வாழ்நாள் முழுவதும் நிலைத்திருக்கும். இறைவன் திறந்து வைத்த ஐந்து வாசல்களையும் நாம் அடைக்காதிருப்போமாக!