யூனியன் ஜீப்பும் லாக் புக்கும்

ஆடிப்பெருக்கன்று காலையில் திருவையாறு புஷ்ய மண்டபப் படித்துறைக்குப் போகிற தெருவில் நின்று பாருங்கள். நம்பர் பலகையில் ‘ஜி’ எழுத்தோடு வெள்ளை வண்டி ஒன்றிரண்டாவது கண்ணில் படும். கூட்டத்தைக் கவனிக்க வந்த வண்டியும் இருக்கும். காதோலை கருகமணி, காப்பரிசித் தூக்கோடு குடும்பத்தை இறக்கிவிட வந்த வண்டியும் இருக்கும். எது எதற்கு வந்தது என்று பார்த்தாலே தெரியும். யாரும் கேட்பதில்லை. இந்தச் சமாச்சாரத்துக்கு வயது அறுபதுக்கு மேல்.

அதற்கு முன்னால் இங்கே ஜில்லா போர்டு. தஞ்சாவூர் ஜில்லா போர்டு லேசுப்பட்டதல்ல, 1894இல் மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டைக்கு ரயில் பாதையே போட்டது. 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி காமராஜர் ஆட்சியில், 1960, 61இல் ஊராட்சி ஒன்றியங்கள் வந்தன. அவற்றின் கைக்கு ரயில் வரவில்லை. ஒரு ஜீப் வந்தது. 1952 அக்டோபர் 2இல் தொடங்கிய சமுதாய வளர்ச்சித் திட்டத்தோடு வட்டார வளர்ச்சி அலுவலர் பதவியும் ஜீப்பும் சேர்ந்தே கிராமத்துக்குள் நுழைந்திருந்தன. அதனால் ஊர் வாயில் அது ‘பி.டி.ஓ. ஜீப்பு’. ஒன்றியத் தலைவரான சேர்மனுக்கோ அது ‘என் ஜீப்பு’. ஒரே வண்டிக்கு இரண்டு எஜமானர்கள். காலையில் அது யார் வீட்டு வாசலில் நிற்கிறது என்பதை வைத்தே யூனியன் ஆபீஸில் யார் கை ஓங்கியிருக்கிறது என்று டீக்கடையில் கணக்குப் போடுவார்கள்.

அந்த ஜீப்பில் சொந்த வேலை நடக்கவில்லையா? நன்றாகவே நடந்தது. வீட்டுக்காரம்மா தஞ்சாவூரில் சினிமா பார்க்கப் போனதும், பெண் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கப் போனதும், அறுவடையான நெல் மூட்டை பின்பக்கம் ஏறியதும் டெல்டாவில் எந்தப் பெரியவரைக் கேட்டாலும் சிரித்துக்கொண்டே சொல்வார். திருவையாற்றிலிருந்து தஞ்சாவூர் கூப்பிடு தூரம்தான் என்றாலும் நடுவில் காவிரி, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, வடவாறு என்று ஐந்து பாலம். ராத்திரியில் கடைசி பஸ் போய்விட்டால் விடிகிற வரைக்கும் அந்தப் பக்கம் வேறு உலகம். பிரசவ வலி கண்டவளையும் பாம்பு தீண்டியவனையும் ராஜா மிராசுதார் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடியதும் இதே ஜீப்தான். விதிப்படி பார்த்தால் சினிமாவும் தப்பு, பிரசவமும் தப்பு. ஊர் இரண்டாவதைக் கும்பிட்டது, முதலாவதை மன்னித்தது.

கக்கனைச் சொல்லிப் பெருமூச்சு விடுவது சுலபம். அமைச்சர் பதவி போனதும் டவுன் பஸ்ஸில் போனவர் அவர். ஆனால் எல்லாரும் கக்கனாக இருந்த காலம் என்று ஒன்று கிடையாது. அன்று இருந்தது வேறொன்று. ஜீப்புக்குக் கித்தான் கூரை, பக்கமெல்லாம் திறந்த வெளி. உள்ளே யார் உட்கார்ந்திருக்கிறார்கள், மடியில் பலகாரப் பொட்டலமா ஃபைல் கட்டா என்பது வழி நெடுகத் தெரியும். அடுத்த யூனியன் கூட்டத்தில் பிடிக்காத கவுன்சிலர் ஒருவர் எழுந்து டீசல் பில்லைக் கேட்பார். அந்த பயம் கொஞ்சம் இருந்தது.

இன்றைக்கு பொலிரோ. கண்ணாடி ஏற்றி ஏசி போட்டால் யார் இருக்கிறார்கள் என்று தெரியாது. 2017 மே 1 முதல் சிவப்பு விளக்கு போனது, வண்டி போகவில்லை. பதினைந்து வயது தாண்டிய அரசு வண்டிகளுக்குப் பதிவைப் புதுப்பிக்கக் கூடாது என்ற விதி 2023 ஏப்ரலில் அமலானதும் பழைய ஜீப்புகள் அலுவலக வளாகத்துப் புளியமரத்தடியில் ஓய்ந்தன. சில அலுவலகங்களில் சொந்த வண்டிக்குப் பதில் மாத வாடகைக்கு எடுத்த கார். ஆக, நம்பரை வைத்து அரசு வண்டி என்று கண்டுபிடிக்கிற வழியும் குறைகிறது.

கேட்கிற வாயும் அவ்வப்போது இல்லாமல் போகிறது. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்து 2019 டிசம்பரில் தேர்தல் நடக்கும் வரை ஊராட்சி ஒன்றியங்களைத் தனி அலுவலர்களே நடத்தினார்கள். அப்போது வந்த தலைவர்களின் காலமும் 2025 ஜனவரியில் முடிந்து, மறுபடி தனி அலுவலர்கள். செலவு செய்கிறவரும் அதை ஏற்று ஒப்புதல் தருகிறவரும் ஒரே தரப்பு என்றால், டீசல் பில்லை யார் கேட்பது?

மிச்சம் இருப்பது லாக் புக். நீள நோட்டு: தேதி, புறப்பட்ட இடம், போன இடம், காரணம், ஆரம்ப கிலோமீட்டர், முடிவு கிலோமீட்டர், கையெழுத்து. காரணம் என்ற கட்டத்தில் ‘முகாம்’ என்றோ ‘பணி ஆய்வு’ என்றோ எழுதினால் போதும், கும்பகோணத்துக் கல்யாணமும் அதற்குள் அடங்கிவிடும். ஞாயிற்றுக்கிழமை பணி ஆய்வு எங்கே, எந்த வாய்க்கால், எந்தச் சாலை என்று அந்தக் கட்டம் கேட்பதில்லை. மீட்டர் கணக்கு உதைக்காமல் எழுதத் தெரிந்த டிரைவர்தான் கெட்டிக்கார டிரைவர். மாட்டிக்கொண்டால் முதலில் வேலை போவதும் அவருக்குத்தான்.

என் கோபம் குடும்பத்தை ஏற்றிக்கொண்டதில் இல்லை. பொய்யாக எழுதி, டீசல் பணத்தை ஊர் தலையில் கட்டுவதில்தான். மத்திய அரசின் ஸ்டாஃப் கார் விதிகளில் உயர் அதிகாரிகள் மாதம் 500 கிலோமீட்டர் வரை சொந்த வேலைக்குப் போகலாம், அதற்குக் கட்டணம் கட்ட வேண்டும் என்று வெளிப்படையாகவே இருக்கிறது. அமெரிக்காவில் நகராட்சி வண்டியை வீட்டுக்கு ஓட்டிப் போகிற ஊழியருக்கு, ஒரு வழிப் பயணத்துக்கு ஒன்றரை டாலர் என்று வருமானத்தில் சேர்த்து வரி போட ஒரு முறையே உண்டு. இங்கும் அதேபோல லாக் புக்கில் ‘சொந்த உபயோகம்’ என்று தனிக் கட்டம் வைத்து, கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று சம்பளத்தில் பிடித்துக்கொண்டால் என்ன குறைந்துவிடும்? ஏழூர்ப் பல்லக்குத் திருவிழா பார்க்கப் பிள்ளைகளைக் கூட்டிப் போகிற அதிகாரி தலை நிமிர்ந்து போகலாம். டிரைவரும் பொய் எழுத வேண்டாம். ஆஸ்பத்திரி ஓட்டத்துக்குக் கட்டணம் வேண்டாம் என்று ஒரு வரி சேர்த்துவிடலாம்.

அது வரும்வரை ஒரு வழி கையில் இருக்கிறது. 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் அரசு ஆவணத்தை நேரில் போய்ப் பார்வையிடும் உரிமையும் சேர்த்தி. உங்கள் ஒன்றியத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு வெள்ளைத்தாளில் எழுதி, பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, ஆடி மாதத்து லாக் புக்கைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். 30 நாளுக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.