இயங்குதளம் இலவசம், டிரைவர் எங்கே?

புது தில்லி: மத்திய அரசு அலுவலகங்களில் திறமூல மென்பொருளுக்கு முன்னுரிமை அளிக்க வேண்டும் என 2015-ஆம் ஆண்டிலேயே கொள்கை வகுக்கப்பட்டது. ஆனால், அதன் வெற்றி மேஜை மீதுள்ள அச்சுப்பொறியையும் ஸ்கேனரையும் பொருத்தே அமைகிறது.

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் நிறுத்திக்கொண்டது. பழைய கணினிகள் பல விண்டோஸ் 11-ஐ ஏற்கும் திறனற்றவை. அவற்றைக் கழித்துவிடாமல் தொடர்ந்து பயன்படுத்த லினக்ஸ் ஒரு வழியாகும்.

சிக்கல் எங்கே?: கருவிகளை இயங்குதளத்துடன் இணைத்து இயக்குவது 'டிரைவர்' எனப்படும் மென்பொருள். லினக்ஸின் மையமான 'கெர்னல்' மூல நிரலில் பாதிக்கும் மேற்பட்டவை டிரைவர்களே. அச்சுப்பொறி, ஸ்கேனருக்கானவை பெரும்பாலும் கெர்னலுக்கு வெளியே தனியாக நிறுவப்படுகின்றன.

கெர்னலைத் தயாரிக்கும்போது எந்த டிரைவரை உள்ளேயே சேர்ப்பது, எதைத் தேவைப்படும்போது ஏற்றும் தனிக்கூறாக வைப்பது, எதை விட்டுவிடுவது என்று முடிவு செய்யப்படுகிறது. விடுபட்டதைப் பின்னர் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால், தயாரிப்பு நிறுவனம் டிரைவரையோ, அதை எழுதத் தேவையான தொழில்நுட்ப விவரங்களையோ தராவிட்டால், அந்தக் கருவியை இயக்குவது அரிது.

வளைந்த டெபியன்: சென்னையில் உள்ள சி-டாக் மையத்தில் உருவாகி, 2007-இல் வெளியான 'பாஸ்' இயங்குதளத்துக்கு அடிப்படை டெபியன் லினக்ஸ். கொள்கைப் பிடிப்புக்குப் பெயர்பெற்ற டெபியன் அமைப்பே, மூல நிரல் வெளியிடப்படாத 'ஃபர்ம்வேர்' கோப்புகளை நிறுவல் தொகுப்பில் சேர்ப்பதென 2022-இல் வாக்கெடுப்பு நடத்தி முடிவெடுத்தது. அவை இல்லாமல் பல மடிக்கணினிகளில் வைஃபைகூட இயங்காது என்பதே காரணம். 2023-இல் வெளியான டெபியன் 12 பதிப்பில் இந்த மாற்றம் நடைமுறைக்கு வந்தது.

நிபந்தனையே தீர்வு: திறமூல மென்பொருளைத் தவிர்க்கும் ஒப்பந்ததாரர் அதற்கான காரணத்தைக் கூற வேண்டும் என்கிறது 2015-ஆம் ஆண்டுக் கொள்கை. மின் ஆளுமைக்கு வாங்கும் வன்பொருள்களின் டிரைவர்கள் குறித்தும் மத்திய அரசிடம் தனிக் கொள்கை உண்டு. வாங்கும் கருவி ஒரே நிறுவனத்தின் இயங்குதளத்துடன் பிணைக்கப்பட்டுவிடக் கூடாது என்பதே அதன் நோக்கம்.

ஆனால், ஒப்பந்தப்புள்ளி தயாரிக்கும் அதிகாரி 'லினக்ஸில் இயங்க வேண்டும்' என்ற ஒரு வரியைச் சேர்க்காவிட்டால், இரு கொள்கைகளும் ஏட்டோடு நின்றுவிடும். கருவியை வாங்கிய பின்னர் டிரைவர் கேட்டால், தருவதும் மறுப்பதும் தயாரிப்பாளரின் விருப்பம். வாங்கும் முன்பு கேட்டால், அது விற்பனைக்கான நிபந்தனை.

எத்தனை கணினிகளில் லினக்ஸ் நிறுவப்பட்டுள்ளது என்பதைவிட, எத்தனை கொள்முதல் ஆணைகளில் அந்த வரி உள்ளது என்பதே அமைச்சகங்களிடம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் கேட்க வேண்டிய கேள்வி.