தேக்குத் தளமும் துப்புரவும்

பாய்விரித்தோடும் உல்லாசப் படகுகளின் மேற்றளத்துக்குத் தேக்கு உகந்தது. இயல்பிலேயே எண்ணெய்ப் பசையுடைய அம்மரம் எளிதில் உக்குவதில்லை. நனைந்தாலும் காலை வழுக்குவதில்லை. வெயில் பட்டு அதன் பொன்னிறம் சாம்பல் நிறமாவது இயற்கை. இதனை அழுக்கெனக் கருதி, வன்மயிர்த் தூரிகையால் தேய்ப்போர் பலர். (துப்புரவில் ஆர்வம் மிகுந்தோரே பெரும்பாலும் இதிற் தவறுவர்!) மரத்தின் வரிகளில் மென்பகுதியும் வன்பகுதியும் அடுத்தடுத்து அமைந்துள்ளமையை நாம் அறிவோம். வரியின் நெடுக்கே தேய்த்தால் மென்பகுதி கரைந்துபோக, வன்பகுதி வரப்புப்போல் எழுந்து நிற்கும். பின்னர் இழைத்துச் சமப்படுத்தவேண்டும். ஒவ்வோர் இழைப்பிலும் பலகை மெலியும். அமிலக் கரைசல்களும் அவ்வாறே மரத்தைத் தின்னும். ஆகவே மென்தூரிகையை வரிக்குக் குறுக்காகச் செலுத்திக் கடல்நீரால் அலம்புதலே நன்று. உப்பு ஈரத்தைப் பற்றிவைத்துப் பலகை உலர்ந்து சுருங்காமற் காக்கும். பாசியும் எளிதில் அணுகாது.