வீட்டை விக்கணுமா? முதல்ல டியூப் லைட்டைப் பாருங்க

உங்க வீட்டு ஃப்ளாட்டை விற்கப் போறாங்கன்னு வெச்சுக்கோங்க. அப்பா புரோக்கர்கிட்ட சொல்லியாச்சு. ஃபோட்டோ எடுத்துப் போடுற வேலை உங்க தலையில விழுந்தாச்சு. வாங்க வர்றவங்க பலரும் ஆபீஸ் முடிஞ்சு ராத்திரி ஏழு மணிக்குத்தான் வருவாங்க. ஹாலுக்குள்ள வந்ததும் "கொஞ்சம் இருட்டா இருக்கே" என்று ஒரு வார்த்தை சொல்லுவாங்க. பேரம் அங்கேயே ஆரம்பிச்சிடும். இத்தனைக்கும் வீட்டில் ஒரு குறையும் இருக்காது. குறை அந்த ஒற்றை டியூப் லைட்டில்தான்.

நாம லைட் வாங்கும்போது வாட்ஸ் பார்த்து வாங்குறோம். வாட்ஸ் என்பது அது எவ்வளவு கரண்ட் இழுக்கும்ங்கிற கணக்கு மட்டும்தான். மொத்த வெளிச்சத்தோட அளவு லுமென். அது ஒரு சதுர மீட்டரில் எவ்வளவு விழுது என்பது லக்ஸ். 12க்கு 10 அடி ரூம் என்றால் ஏறத்தாழ 11 சதுர மீட்டர். 20 வாட்ஸ் எல்.இ.டி. டியூப் சுமார் 2000 லுமென் தரும். வகுத்தா 180 லக்ஸ். அதுல பாதியைச் சுவரும் சாமானும் விழுங்கிடும்னு வைங்க, மிஞ்சுறது 90. மேகமூட்டமான பகல்ல வெளியே 10,000 லக்ஸ் வரைக்கும்கூட இருக்கும். நம்ம வீடு எவ்வளவு மங்கல்னு இப்போ புரியுதா?

ஆனா பெரிய லைட்டா மாட்டினா சரியாகிடும்னு நினைக்காதீங்க. ஒரு ரூம் பெருசா, வெளிச்சமா இருக்கான்னு நாம முடிவு பண்றது பெரும்பாலும் சுவர்களைப் பார்த்துத்தான், தரையைப் பார்த்து இல்லை. ஒரே சுவரில் 2000 லுமென் மாட்டினா எதிர்மூலை இருட்டாவே கிடக்கும், ரூமும் குறுகித் தெரியும். அதே 2000 லுமெனை ரெண்டு மூணு இடமா பிரிச்சு வெச்சா அதே ரூம் பெருசா தெரியும். சுவர் நிறமும் இதில் கூட்டாளிதான். நல்ல வெள்ளைச் சுவர் தன் மேல் விழுற வெளிச்சத்தில் 80 சதவீதம் வரை திருப்பித் தரும். அடர் நிறம் அடிச்ச 'ஹைலைட் சுவர்' பெரும்பகுதியை விழுங்கிடும்.

அடுத்தது நிறம். லைட்டு டப்பாவில் 2700, 4000, 6500 கெல்வின் என்று போட்டிருக்கும். 2700 பழைய குண்டு பல்ப் மஞ்சள், 6500 நீலம் கலந்த வெள்ளை. நம்ம ஊர்ல 6500தான் ராஜா, ஏன்னா மஞ்சள்னா பலருக்கு லோ வோல்டேஜ் ஞாபகம் வந்துடும். என் ஓட்டு ஹாலுக்கும் கிச்சனுக்கும் 4000, பெட்ரூமுக்கு 3000. எதைப் போட்டாலும் ஒரே ரூமில் ரெண்டு நிறத்தைக் கலக்காதீங்க. கேமரா ஏதாவது ஒரு நிறத்தைத்தான் வெள்ளைன்னு எடுத்துக்கும். அதனால ஃபோட்டோவில் பாதிச் சுவர் நீலம், பாதி மஞ்சள்னு வரும். (நிறம் மாத்துற ரிமோட் ஸ்ட்ரிப்பை ஃபால்ஸ் சீலிங்கில் ஒட்டுறவங்களுக்கு ஒரு வேண்டுகோள்: நீங்க விக்கிறது வீடு, கல்யாண மண்டபம் இல்லை.)

டப்பாவில் யாரும் கவனிக்காத இன்னொரு எண் சி.ஆர்.ஐ. 2014இல் இயற்பியல் நோபல் பரிசு வாங்கிக் கொடுத்த நீல எல்.இ.டி.தான் இன்றைய வெள்ளை எல்.இ.டி.க்கு அடிப்படை. நீலச் சிப்பு மேல மஞ்சள் பாஸ்பர் பூசினா, ரெண்டும் கலந்து நம்ம கண்ணுக்கு வெள்ளையா தெரியும். சிக்கல் என்னன்னா, மலிவான லைட்டில் சிவப்பு குறைவா இருக்கும். தேக்குக் கதவு, ரெட் ஆக்சைடு தரை எல்லாம் செத்துப்போன மாதிரி தெரியும், சி.ஆர்.ஐ. 90க்கு மேல இருந்தா பளிச்னு உயிர் வரும். சாதாரணமா கடையில் கிடைக்கிறது 80தான். மரவேலை நல்லா இருக்கிற ஹாலுக்கு மட்டுமாவது 90 தேடி வாங்குங்க.

பகல் வெளிச்சத்துக்குச் செலவே இல்லை. ஜன்னல் கொசுவலையைக் கழட்டிக் கழுவுங்க. வருஷக்கணக்கா படிஞ்ச தூசி எவ்வளவு வெளிச்சத்தைத் தடுக்குதுன்னு கழுவின பிறகுதான் தெரியும். லைட் கவருக்குள்ள கிடக்கிற பூச்சிகளையும் தட்டிடுங்க. காலையில் ஃபோட்டோ எடுங்க, ஜன்னலுக்கு நேரா நிக்காம, முதுகைக் காட்டியோ பக்கவாட்டிலோ நின்னு எடுங்க. நேரா எடுத்தா கேமரா வெளியே இருக்கிற வெயிலுக்கு ஏத்த மாதிரி செட் ஆகி, ரூமை இருட்டாக்கிடும்.

ஒரு எல்லை மட்டும் இருக்கு. ஓதம் ஏறின சுவரை இருட்டில் ஒளிச்சு வெச்சு விக்கிறது அலங்காரம் இல்லை, ஏமாத்து. நாளைக்கு வீடு பார்க்கப் போறது நீங்களா இருந்தா, ஒருமுறை பகல்ல போங்க. அப்புறம் ஃபோன் டார்ச்சைச் சுவரோட ஒட்டி, சாய்வா அடிச்சுப் பாருங்க. நேர் வெளிச்சத்தில் தெரியாத மேடு பள்ளம், பெயின்ட் உப்பல், ஒட்டுப்போட்ட பூச்சு எல்லாம் நிழல் விழுந்து காட்டிக் கொடுத்துடும்.