பின்பனிக் காலத்து வானிலையும் காரைக்கால் கடற்கரை விவசாயமும்

காரைக்கால் பிராந்தியத்தின் தென்கோடியில், நாகூருக்கு அணித்தாக, கடலோரத்தில் அமைந்த ஊர் கீழவாஞ்சூர். காவிரியின் கிளையாறுகள் கடலிற் கலக்கும் கடைமடைப் பூமி இது. கரையோரம் மணற்பாங்காகவும், உள்ளே செல்லச் செல்லக் களிமண்ணாகவும் உள்ள இப்பகுதியில், தை மாதத்தில் சம்பாவும் தாளடியும் முற்றி நிற்கும். அதனையடுத்து உளுந்தும் பச்சைப்பயறும் பருத்தியும் விதைக்கப்பெறும். ஆண்டு முழுவதும் செய்த செலவும் உழைப்பும் களத்திற்கு வந்து சேரவேண்டிய காலம் இதுவேயாதலால், தை முதல் பங்குனி வரையுள்ள வானிலையை நிலமுடையோரும் கிராம அதிகாரிகளும் நன்கு அறிந்திருத்தல் அவசியம்.

காலத்தின் இயல்பு

இப்பகுதியில் ஓராண்டிற் பெய்யும் மழையில் மூன்றில் இரண்டு பங்குக்குமேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ள வடகிழக்குப் பருவத்திலேயே கிடைத்துவிடுகிறது. அப்பருவம் சாதாரணமாக டிசம்பர் இறுதியில் தளரத் தொடங்கினும், பல ஆண்டுகளில் ஜனவரி நடுப்பகுதி வரை நீடிப்பதுண்டு. அதன்பின் வாடைக் காற்று மெலிந்து, மாசியில் கிழக்கிலிருந்து கொண்டற் காற்றும், பங்குனியில் தென்கிழக்கு, தெற்குத் திசைக் காற்றுகளும் மிகுதியாக வீசும். பகல் வெப்பம் தையில் ஏறக்குறைய 28 டிகிரி செல்சியசாக இருந்து, பங்குனியில் 32 டிகிரியை நெருங்கும். கடல் அருகில் இருப்பதால் உள்நாட்டு ஊர்களிற்போலக் கடுங்குளிரோ, திடீரென்று ஏறும் வெப்பமோ இங்குத் தோன்றுவதில்லை.

மழை குறையினும் பனி குறைவதில்லை. தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பது பழமொழி. வானம் தெளிந்து காற்று அடங்கிய இரவுகளில் நிலம் தன் வெப்பத்தை விரைவில் இழந்துவிடுவதால், கடற்காற்றிலுள்ள ஈரம் இலைகளின்மேல் நீராகப் படிகின்றது. இப்பனி, ஆற்றுநீர் நின்றபின் பயறு வகைகளுக்கு ஓரளவு அனுகூலமாகும். ஆனால் பின்தங்கி நட்ட நெல்லிற் குலை நோயும், உளுந்திற் சாம்பல் நோயும் பரவுவதற்கும் இதுவே காரணமாகும்.

சராசரிக் கணக்கை நோக்கின் ஜனவரி, பிப்ரவரி, மார்ச் ஆகிய மூன்று மாதங்களும் மழை குறைந்த மாதங்களே. எனினும் அச்சராசரியை நம்பி இருத்தல் தகாது. பல ஆண்டுகளில் ஒரு துளியும் இன்றிக் கழியும் ஒரு மாதம், ஓராண்டில் இரண்டே நாட்களில் பெருமழையைக் கொட்டிவிடும். இவ்விரு நிலைகளையும் கூட்டிப் பிரித்து வருவதே சராசரி. வயலில் அச்சராசரி மழை ஒருபோதும் பெய்வதில்லை.

பெயர் பெறாத மழை

நிஷா, கஜா முதலிய புயல்களை இக்கரையோர மக்கள் மறந்திலர். 2008-ஆம் ஆண்டு நவம்பர் 27-ஆம் நாள் நிஷாப் புயல் காரைக்காலை ஒட்டியும், 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் கஜாப் புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரணியத்துக்கும் இடையிலும் கரை கடந்தன. இவையிரண்டும் நவம்பரில் வந்தவை. பின்பனிக் காலத்தில் முழுப் புயல் ஒன்று இக்கரையைத் தாக்குவது மிக அரிது. இம்மாதங்களில் அறுவடையைக் கெடுப்பது, பெயரிடப்படும் அளவுக்கு வலுவடையாத காற்றழுத்தத் தாழ்வும், கிழக்கிலிருந்து அலையலையாக வரும் காற்றும் கொணரும் மழையேயாம்.

2023-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் வாரம் இதற்குத் தக்க சான்று. தென்மேற்கு வங்கக் கடலில் உருவான தாழ்வு மண்டலம் ஒன்று பிப்ரவரி 2-ஆம் நாள் அதிகாலையில் இலங்கையின் கீழ்க்கரையைக் கடந்தது. அது புயலாகவில்லை, இக்கரையையும் நேரே கடக்கவில்லை. ஆயினும் அதனாற் பெய்த மழையில் காவிரிப் படுகை மாவட்டங்களில் அறுவடைக்குச் சித்தமாயிருந்த சம்பா நெல் பெரும்பரப்பிற் சாய்ந்து நீரில் மூழ்கியது. மூன்றிலொரு பங்குக்குமேற் சேதமுற்ற நெல்லுக்கு ஹெக்டேருக்கு 20,000 ரூபாய் நிவாரணம் வழங்குவதாகத் தமிழ்நாட்டு அரசு அறிவிக்க நேர்ந்தது. அதற்கு முன் 2021-ஆம் ஆண்டு ஜனவரியில், பொங்கலை ஒட்டிப் பெய்த தொடர்மழையிலும் இதே துன்பம் நேர்ந்தது.

இதற்கு மாறான நிகழ்ச்சியும் உண்டு. 2022-ஆம் ஆண்டு மார்ச் முதல் வாரத்தில் வங்கக் கடலில் ஆழ்ந்த தாழ்வு மண்டலம் ஒன்று தோன்றித் தமிழகக் கரையை நோக்கி நகர்ந்தது. மார்ச்சு மாதத்தில் இது மிக அபூர்வமாதலின் எங்கும் பேச்சாயிற்று. எனினும் அது கரையை அடையுமுன்னரே வலுவிழந்து போயிற்று. ஆகவே தாழ்வின் வலிமையைக் கொண்டு வயலின் சேதத்தை அளவிடல் இயலாது என்பது தெளிவு.

பசிபிக் கடலில் ஏற்படும் லா நினா, எல் நினோ ஆகிய மாறுதல்களைக் கொண்டு தை மழையை முன்கூட்டி அறியலாம் எனச் சிலர் எண்ணுவர். 2021, 2023 ஆகிய ஆண்டுகளின் தொடக்கத்தில் லா நினா நிலவியது உண்மையே. ஆனால் எல் நினோ வலுத்திருந்த 2024-ஆம் ஆண்டிலும் ஜனவரி இரண்டாம் வாரத் தொடக்கத்தில் நாகப்பட்டினம், காரைக்கால் கரையோரத்தில் கனமழை பெய்தது. எனவே அத்தகைய செய்திகள் பருவத்தின் பொதுப் போக்கைக் காட்டுமேயன்றி, அறுவடை நாளைக் குறிப்பதற்கு உதவா.

துறைமுகக் கூண்டும் வயலும்

காரைக்கால் துறைமுகம் 2009-ஆம் ஆண்டு முதல் கீழவாஞ்சூரிலேயே இயங்கி வருவதால், அங்கு ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டின் எண்ணைக் கேட்டு நடப்பது இப்பகுதி வழக்கம். அவ்வெண்கள் 1 முதல் 11 வரை உள்ளன. முதலிரண்டும் தொலைவிலுள்ள கடற்பகுதியைப் பற்றியவை. மூன்றும் நான்கும் துறைமுகத்துக்குக் காற்றினால் இடர் நேரலாம் என்பதை உணர்த்துவன. 5 முதல் 7 வரை அபாயத்தையும், 8 முதல் 10 வரை பேரபாயத்தையும் குறிக்கும். பதினொன்றாம் எண் வானிலை நிலையத்துடன் செய்தித் தொடர்பு அற்றுப்போனதைத் தெரிவிப்பது.

இக்கூண்டுகள் கப்பல்களையும் படகுகளையும் காக்க ஏற்பட்டவை. அவை காற்றின் வேகத்தைச் சொல்லுமேயன்றி மழையின் அளவைச் சொல்லமாட்டா. முதல் எண் கூண்டு தொங்கும் நாளிலேயே வயல் முழுவதும் மூழ்கும் மழை பெய்தல் கூடும். கூண்டின் எண் சிறிதென்று கதிரை அறுத்துப் பரப்பி வைத்தல் தவறு.

அறிக்கையைப் படிக்கும் முறை

இந்திய வானிலை ஆய்வுத் துறையின் அறிக்கையில் ஒவ்வொரு சொல்லுக்கும் வரையறுத்த பொருள் உண்டு. முதல்நாள் காலை 8.30 மணி முதல் மறுநாள் காலை 8.30 மணி வரை பெய்த மழையே ஒரு நாள் மழையாகக் கணக்கிடப்படும். 15.6 முதல் 64.4 மில்லிமீட்டர் வரை மிதமான மழை, 64.5 முதல் 115.5 வரை கனமழை, 115.6 முதல் 204.4 வரை மிகக் கனமழை; அதற்கு மேற்பட்டது அதி கனமழை. ஒரு மில்லிமீட்டர் மழை ஓர் ஏக்கரில் ஏறக்குறைய 4,000 லிட்டர் நீராகும். ஆகவே கனமழையின் தொடக்க அளவே ஏக்கருக்கு இரண்டரை லட்சம் லிட்டருக்கு மேற்பட்ட நீரை வயலில் நிறுத்திவிடும். அறுவடைக்கு நிற்கும் நெல்லுக்கு மிதமான மழையும் தீங்கே என்பதை மறத்தலாகாது.

‘ஓரிரு இடங்களில்’ என்பது, ஒரு வட்டாரத்திலுள்ள மழைமானி நிலையங்களுள் நான்கில் ஒரு பங்கோ அதற்குக் குறைவோ மழை பெறும் என்பதாம். ‘பெரும்பாலான இடங்களில்’ என்பது நான்கில் மூன்று பங்குக்கு மேல். முதற்சொல் காணப்படும் நாளில் தார்ப்பாயை அருகில் வைத்துக்கொண்டு வேலையை நடத்தலாம்; இரண்டாஞ்சொல் காணப்படும் நாளில் அறுப்பைத் தொடங்காதிருத்தலே விவேகம். நிறங்களைப் பொறுத்தவரை, பச்சை கவலையின்மையையும், மஞ்சள் கவனித்திருத்தலையும், ஆரஞ்சு ஆயத்தமாதலையும், சிவப்பு உடனே செயற்படுதலையும் குறிக்கும்.

ஐந்து நாட்களுக்கான முன்னறிவிப்பில் முதலிரண்டு நாட்களுக்கு உரியது மிக நம்பத்தக்கது. நாட்கள் செல்லச் செல்ல அதன் உறுதி குறையும். நான்கு வாரங்களுக்கென வியாழக்கிழமைதோறும் வெளியாகும் அறிக்கை விதை, இயந்திரம் முதலியவற்றுக்கு ஏற்பாடு செய்யப் பயன்படும். அறுக்கும் நாளைக் குறிக்கப் பயன்படாது. காரைக்காலிலேயே வானிலை ரேடார் இருப்பதால், மழைமேகம் நெருங்குவதை மூன்று மணி நேரத்துக்கு முன் அறிவிக்கும் உடனடி அறிக்கையும் கிடைக்கின்றது. களத்தில் நெல் காயும் வேளையில் இதனை அடிக்கடி கேட்டறிதல் வேண்டும்.

நெல் அறுவடையில் கவனிக்க வேண்டியவை

கதிரில் நூற்றுக்கு எண்பது மணிகள் வைக்கோல் நிறம் அடைந்ததும் நெல் அறுக்கத் தகுதியாகும். அதற்குப் பத்து நாட்களுக்கு முன்னரே நீரை வடித்துவிடவேண்டும். தொடர்ந்து மூன்று நாட்கள் வறண்ட வானிலை இருக்குமென்று அறிந்தபின் அறுத்து, அன்றே அடித்து, மறைவான இடத்திற் சேர்த்தல் சிறந்தது. மழைக்கு அஞ்சி அவசரமாக அறுத்து வயலிற் பரப்பிவைப்பதினும், முற்றிய பயிரை நின்றபடியே விட்டுவைத்தல் பல சமயங்களில் குறைந்த நஷ்டத்தையே தரும். நிற்கும் கதிர் மழை விட்டதும் காற்றில் உலர்ந்துவிடும். தரையிற் கிடக்கும் கதிரோ இரண்டொரு நாளில் முளைவிடத் தொடங்கும்.

ஈரமான வயலில் ‘டயர் வண்டி’ இறங்காது. ‘பெல்ட் வண்டி’யே வேண்டும். அதற்கு வாடகை கூடுதல். மழைக்குப்பின் எல்லாரும் ஒரே சமயத்தில் தேடுவதால் கிடைப்பதும் அரிது. பக்கத்து வயற்காரர்கள் கூடிப் பேசி, முன்னதாகவே முறை வகுத்துக்கொள்ளுதல் உசிதம்.

பயிர் சாய்ந்துவிட்டால் முதலில் நீரை வடித்து, நான்கைந்து குத்துகளை ஒன்றாகச் சேர்த்துக் கட்டி நிமிர்த்தவேண்டும். ஒரு லிட்டர் நீருக்கு 50 கிராம் வீதம் சாதாரண உப்பைக் கரைத்துக் கதிர்மேல் தெளித்தால், மணிகள் முளைப்பது ஓரளவு தடைப்படும். கொள்முதலுக்குரிய நெல்லில் ஈரம் நூற்றுக்கு 17-க்கு மேற்படலாகாது என்பது பொது விதி. பனி நீங்குமுன் அறுத்த நெல்லில் இவ்வளவு எளிதில் மீறிவிடும்; ஆதலால் வெயில் ஏறியபின் அறுத்தலே நலம்.

உளுந்து, பயறு, பருத்தி

மேட்டூர் அணை வழக்கப்படி ஜனவரி 28-ஆம் நாள் மூடப்படுவதால், அதன்பின் விதைக்கும் பயிர் மண்ணில் எஞ்சிய ஈரத்தையும் பனியையும் நம்பியே வளரவேண்டும். ஆடுதுறை 3 உளுந்து நெல் தரிசுக்கு ஏற்றது. எழுபது முதல் எழுபத்தைந்து நாட்களிற் பலன் தருவது. அறுவடைக்கு ஏழு முதல் பத்து நாட்களுக்கு முன், மண் மெழுகுபதமாக இருக்கையில், ஹெக்டேருக்கு 30 கிலோ விதையை நிற்கும் பயிரிடையே தூவுதல் வேண்டும். தை நடுப்பகுதி தாண்டிக் காலம் கடத்தினால், பூக்கும் பருவம் பங்குனி வெப்பத்தில் அகப்படும். வெள்ளை ஈயும் அதனாற் பரவும் மஞ்சள் தேமல் நோயும் மிகும்.

விதைத்த முதல் வாரத்தில் வயலில் நீர் தேங்கினால் விதை அழுகிவிடும். ஆனால் பூக்கும் தருணத்திற் பெய்யும் பத்துப் பதினைந்து மில்லிமீட்டர் மழை பெரும் பேறாகும். ஆகவே ஒரே மழை நெல்லுக்குப் பகையாகவும் பயறுக்கு உறவாகவும் அமையலாம். பயிரின் வயதைக் கொண்டே அதன் நன்மை தீமையை நிர்ணயிக்கவேண்டும். பருத்தி விதைப்போரும் நல்ல வடிகால் அமைத்த பின்னரே விதையூன்றுதல் நன்று.

வடிகாலும் கிராம அதிகாரிகளின் கடமையும்

இக்கரையில் கடலின் ஏற்ற வற்றம் ஒரு மீட்டருக்கும் குறைவே. எனினும் நிலம் கடல்மட்டத்துக்குச் சற்றே உயர்ந்திருப்பதால், ஓதம் ஏறும் வேளையில் வடிகால் நீர் வெளியேறாமல் நின்றுவிடும். அமாவாசை, பௌர்ணமி நாட்களை ஒட்டி மழை எதிர்பார்க்கப்பட்டால், அதற்கு முன்னரே வாய்க்கால்களிலுள்ள ஆகாயத்தாமரையையும் முகத்துவாரத்து மணலையும் அகற்றுதல் அவசியம். நீர்வரத்து நின்றபின் உப்புநீர் ஆற்றினுள் ஏறாதபடி கடைமடை மதகுகளின் பலகைகளைச் சோதித்தலும் இக்காலத்து வேலையே.

பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கு, அறுத்து வயலில் உலரவிட்ட பயிர் பருவந்தவறிய மழையாற் கெட்டால், அறுவடையிலிருந்து 14 நாட்கள் வரை இழப்பீடு கோர இடமுண்டு. ஆனால் சேதம் நேர்ந்த 72 மணி நேரத்துக்குள் தெரிவித்தல் வேண்டும். இக்காலவரையறை அறியாமல் உரிமையை இழப்போர் உளர். இதனைக் கிராமத்தார் அனைவருக்கும் முன்கூட்டியே அறிவிப்பதும், மழை எச்சரிக்கையை அன்றன்று பொது இடத்தில் எழுதிவைப்பதும் கிராம அதிகாரிகள் செய்யத்தக்க பேருதவியாகும்.

மழையைத் தடுத்தல் எவர்க்கும் இயலாது. எனினும் முன்னறிந்து ஒரு நாள் முந்தியோ பிந்தியோ அறுப்பதும், ஒரு வாய்க்காலைக் காலத்தே திறந்துவிடுவதும் உழவர் கையில் உள்ளன. பின்பனிக் காலத்தில் ஒரு குடும்பத்தின் ஆண்டு வருமானம் பெரும்பாலும் இத்தகைய சிறு செயல்களிலேயே தங்கியிருக்கின்றது.