இழுக்கிற நாயைத் தைரியமாக நடத்திச் செல்ல

(வானொலியில் ஒலிபரப்பான பண்ணை உரை)



மாடு, ஆடு, கோழி பற்றி இந்த நேரத்தில் அடிக்கடி கேட்கிறீர்கள். இன்றைக்கு நாய். சிரிக்காதீர்கள். ராத்திரியில் மோட்டார் கொட்டகையையும் ஆட்டுப்பட்டியையும் காக்கிறது யார் என்று தோட்டத்து வீட்டில் குடியிருப்பவர்களுக்குத் தெரியும். ஆனால் அந்த நாய் வளர்கிற பருவத்தில், அதைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு நாலு தெரு நடக்க முடியாமல் தவிக்கிற குடும்பங்கள் நிறைய இருக்கின்றன.

பெரும்பாலும் நடப்பது இப்படி. வீட்டுப் பையன் ஆசைப்பட்டு ஒரு இராஜபாளையம் குட்டியோ சிப்பிப்பாறைக் குட்டியோ வாங்கி வருகிறான். இரண்டு மாதக் குட்டி மடியில் படுத்துத் தூங்குகிறது. எட்டு மாதம் ஆகும்போது தொடை உயரம் வந்துவிடுகிறது. அதற்குள் பையன் வேலை கிடைத்துத் திருப்பூருக்கோ சென்னைக்கோ போய்விடுகிறான். நாய் அம்மா கைக்கு வந்து சேருகிறது. ஒரு நாள் தெருவில் ஆட்டைப் பார்த்துப் பாய்கிறது. அம்மா குப்புற விழுந்து முழங்கையெல்லாம் சிராய்ப்பு. அன்றோடு நடை நின்றுபோகிறது. வேப்பமரத்தடியில் சங்கிலி. சோறு வைக்கக்கூடப் பயந்து தட்டைக் கம்பால் தள்ளிவிடுகிறார்கள்.

அப்படியே ஒரு வருஷம் கட்டிக் கிடக்கிற நாய், வருகிறவர் போகிறவர் மேலெல்லாம் பாயப் பழகிவிடும். என்றைக்காவது சங்கிலி அறுந்தால் பக்கத்து வீட்டுக் குழந்தைக்குத்தான் ஆபத்து. நாய் கெட்ட நாயா? இல்லை. அதை நடத்திச் செல்ல வீட்டில் ஒருவருக்கும் தைரியம் வரவில்லை, அவ்வளவுதான். அந்தத் தைரியத்துக்குக் கைப்பலம் வேண்டியதில்லை. 45 கிலோ எடையுள்ள ஒரு அம்மாள் 25 கிலோ நாயோடு மல்லுக்கு நின்று ஜெயிக்க முடியாது, ஜெயிக்கவும் தேவையில்லை. மல்லுக்கட்டே வராதபடி பழக்க முடியும்.

முதலில், நாய் ஏன் இழுக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். கொழுப்பெடுத்து இழுக்கிறது என்று நினைக்காதீர்கள். இயல்பாகவே அதன் நடை நம் நடையைவிட வேகம். தவிர, சிப்பிப்பாறை, கன்னி போன்றவை கண்ணால் பார்த்துத் துரத்துவதற்கென்றே தலைமுறை தலைமுறையாக வளர்த்த இனங்கள். தூரத்தில் எது ஓடினாலும் அதன் உடம்பு தானாக முன்னால் சாயும்.

இன்னொரு காரணம் நம் கையில் இருக்கிறது. ஒரு கன்றுக்குட்டியைக் கயிற்றில் பிடித்து இழுத்துப் பாருங்கள். நாலு காலையும் ஊன்றிக்கொண்டு பின்னால் சாயும். நாம் ஒரு பக்கம் இழுத்தால் எதிர்ப்பக்கம் சாய்வது பிராணிகளின் இயல்பு. நாயைப் பின்னால் இழுக்க இழுக்க அது முன்னால் இழுக்கும். நீங்கள் பயந்து கயிற்றை எந்நேரமும் இறுக்கிப் பிடித்திருந்தால், எந்நேரமும் இழுத்துக்கொண்டே போகும்.

எல்லாவற்றையும்விட முக்கியமான காரணம், இழுத்தால் அதற்குக் கூலி கிடைக்கிறது. மரத்தை மோந்து பார்க்க இழுக்கிறது, நாமும் பின்னாலேயே போகிறோம், மரம் கிடைத்துவிடுகிறது. ஒரு நாளைக்கு இருபது தடவை கூலி கொடுத்தால் எந்த வேலைக்காரன்தான் வேலையை விடுவான்? இந்தக் கூலியை நிறுத்த வேண்டும். தளர்ந்த கயிற்றோடு பக்கத்தில் நடந்தால்தான் கூலி என்று மாற்ற வேண்டும். பாடம் மொத்தமும் இதுதான்.

'அடியாத மாடு படியாது' என்று ஒரு பேச்சு உண்டு. மாட்டுக்கே இது சரியில்லை என்பது என் அபிப்பிராயம். நாய்க்கு நிச்சயமாகச் சரியில்லை. தெருவில் இன்னொரு நாயைப் பார்த்து இழுக்கும்போது ஒரு அடி போட்டால், அது என்ன நினைக்கும்? 'அந்த நாய் வந்தது, எனக்கு வலித்தது' என்றுதான் நினைக்கும். அடுத்த முறை இன்னும் மூர்க்கமாகப் பாயும். கழுத்தை நெரிக்கிற சுருக்குச் சங்கிலியும் வேண்டாம். அது மூச்சுக்குழாயைப் புண்ணாக்கும்.

சாமான் என்ன வேண்டும்? கனத்த இரும்புச் சங்கிலி வேண்டாம். ஐந்தாறு அடி நீளத்துக்குத் தடித்த பருத்திக் கயிறோ தட்டையான நாடாவோ போதும். மெல்லிய நைலான் கயிறு நாய் பாய்ந்தால் உள்ளங்கையைக் கிழித்துவிடும். கயிற்றில் ஒரு சாண் விட்டு ஒரு சாண் இரண்டு மூன்று முடிச்சுப் போட்டு வைத்தால் கை வழுக்காது. கழுத்துப் பட்டை அகலமாக இருக்கட்டும். பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும், அதற்கு மேல் தளர்ச்சி கூடாது. சிப்பிப்பாறைக்குத் தலை ஒடுக்கம். பின்னால் நகர்ந்து தலையை உருவிக்கொண்டு ஓடிவிடும்.

முடிந்தால் டவுனில் நாய்ச் சாமான் விற்கிற கடையில் மார்புப் பட்டை வாங்குங்கள். அதிலும் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். கயிறு மாட்டுகிற வளையம் முதுகில் மட்டும் இருந்தால், அது வண்டி மாட்டுக்கு நுகத்தடி மாதிரி. இழுக்க இன்னும் வசதியாகப் போய்விடும். நெஞ்சுக்கு முன்னால் வளையம் இருக்கிற பட்டையாகப் பார்த்து வாங்குங்கள். நாய் முன்னால் இழுத்தால் அதன் உடம்பு பக்கவாட்டில் உங்களை நோக்கித் திரும்பும். விழுந்துவிடுவோமோ என்கிற பயம் உள்ளவர்களுக்கு இது பெரிய உதவி.

கயிறு பிடிக்கிற முறையைச் சொல்கிறேன். விரல்களிலோ மணிக்கட்டிலோ கயிற்றைச் சுற்றிக்கொள்ளாதீர்கள், விரல் முறிந்துபோகும். இடுப்பில் கட்டிக்கொள்வது அதைவிட ஆபத்து. நுனியை ஒரு கை உள்ளங்கையில் பிடியுங்கள், மறு கை கயிற்றின் நடுவில். இரண்டு கையும் வயிற்றை ஒட்டி இருக்கட்டும். கையை நீட்டிப் பிடித்தால் தோள்பட்டையே கழன்றுவிடும் போல இழுக்கும். வயிற்றோடு ஒட்டினால் உங்கள் உடம்பு எடை முழுவதும் உதவிக்கு வரும். நாய் பாய்ந்தால் ஒரு காலைப் பின்னால் வைத்து முழங்காலைக் கொஞ்சம் மடக்கி நில்லுங்கள், கிணற்றில் தண்ணீர் இறைக்கிறபோது நிற்கிற மாதிரி. இதை முதலில் நாய் இல்லாமல் செய்து பாருங்கள். வீட்டில் யாரையாவது கயிற்றின் மறு நுனியை வெடுக்கென்று இழுக்கச் சொல்லுங்கள். நாலு முறை இழுத்தும் கால் பெயரவில்லை என்றால் பாதிப் பயம் அங்கேயே போய்விடும். காலில் பிடிப்பான செருப்பு வேண்டும்.

இனிப் பழக்குவதைப் பார்ப்போம். முதல் பாடம் தெருவில் அல்ல, வீட்டு வாசலில், களத்து மேட்டில். புதுக் காளையை முதல் நாளே சந்தை வண்டியில் பூட்ட மாட்டீர்கள் அல்லவா? அவித்த முட்டை, வேகவைத்த கோழி ஈரல், இப்படி ஏதாவது ஒன்றைச் சுண்டுவிரல் நகத்தளவுக்கு நறுக்கி மடியில் வைத்துக்கொள்ளுங்கள். வெந்த கோழி எலும்பு கூடாது, சிலும்பு சிலும்பாக உடைந்து குடலைக் குத்தும். வெங்காயம் சேர்ந்த குழம்புக் கறியும் கூடாது, அது நாயின் இரத்தத்தைக் கெடுக்கும்.

நாயை இடது பக்கம் வைத்துக்கொண்டு ஒரு அடி எடுத்து வையுங்கள். கயிறு தொங்கலாக இருக்க நாயும் ஒரு அடி வந்தால், 'சபாஷ்' என்று சொல்லி உடனே ஒரு துண்டு கொடுங்கள். உடனே என்றால் உடனே. மடியில் தேடி எடுத்து அப்புறம் கொடுத்தால், எதற்குக் கிடைத்தது என்று அதற்குப் புரியாது. துண்டை உங்கள் தொடை ஓரமாக வைத்துக் கொடுங்கள்; முன்னால் நீட்டிக் கொடுத்தால் முன்னால் வந்து நிற்கத்தான் பழகும். இப்படி ஒரு அடிக்கு ஒரு துண்டு, பிறகு மூன்று அடிக்கு ஒன்று, பத்து அடிக்கு ஒன்று என்று கூட்டிக்கொண்டே போங்கள். ஒரு வேளைக்கு ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம் போதும். சின்ன நாய்க்கு அதற்கு மேல் புத்தி நிற்காது.

கயிறு இறுகினால் என்ன செய்வது? அந்த நொடியே நின்றுவிடுங்கள். திட்ட வேண்டாம், இழுக்க வேண்டாம். கல்லுப் பிள்ளையார் மாதிரி நில்லுங்கள். அது இழுக்கும், குதிக்கும், அப்புறம் 'இது ஏன் நகரவில்லை' என்று திரும்பிப் பார்க்கும். கயிறு தளரும். தளர்ந்ததும் நடங்கள். நின்றும் பயனில்லை என்றால் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே வந்த வழியே திரும்பி நடங்கள். முதல் நாள் களத்தை ஒரு சுற்றுச் சுற்றக் கால் மணி நேரம்கூட ஆகும். பார்க்கிறவர்கள் கேலி செய்வார்கள், செய்யட்டும். நான்கைந்து நாளில் அது உங்கள் முகத்தை அடிக்கடி நிமிர்ந்து பார்க்க ஆரம்பிக்கும். அந்தப் பார்வை வந்துவிட்டால் பாடம் ஏறுகிறது என்று அர்த்தம்.

களத்தில் சரியானபின் வரப்பு, அப்புறம் தோட்டத்துப் பாதை, அப்புறம் ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில் தெரு. பஸ் நிறுத்தம், ஆட்டுச் சந்தை எல்லாம் கடைசி. ஒவ்வொரு புது இடத்திலும் பழைய பாடத்தை மறந்த மாதிரி இழுக்கும். அங்கே மறுபடி ஒரு அடிக்கு ஒரு துண்டு என்று தொடங்க வேண்டும். சுற்றுச்சுவர் இல்லாத கிணற்றுப் பக்கம் மட்டும் கூட்டிப் போகாதீர்கள்.

நாள் முழுக்கக் கட்டிப் போட்ட நாயை அவிழ்த்ததும் பக்குவமாக நடக்கச் சொன்னால் நடக்காது. வேலி அடைத்த இடம் இருந்தால், அதில் கொஞ்ச நேரம் ஓடவிட்டு அப்புறம் கயிறு மாட்டுங்கள். இராஜபாளையம், சிப்பிப்பாறை போன்ற ஆழமான நெஞ்சுக்கூடு உள்ள நாய்களை வயிறு முட்டச் சோறு போட்டு உடனே ஓடவிடக் கூடாது. வயிறு உப்பி உயிருக்கே ஆபத்தாகலாம். ஓட்டம் என்றதும் சிலருக்கு முயல் வேட்டை ஞாபகம் வரும். காட்டு முயலைப் பிடிப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

கோடையில் விடியற்காலையும், பொழுது சாய்ந்து தரை ஆறிய பிறகும்தான் நடை. தார் ரோட்டில் புறங்கையை வைத்துப் பாருங்கள். ஐந்து விநாடி வைக்க முடியவில்லை என்றால் நாயின் பாதமும் வெந்துபோகும்.

தெரு நாய்தான் பலருக்குப் பெரிய பயம். எதிரே நாய் வருகிறது என்றால் நம்மை அறியாமலே கயிற்றை இறுக்கிவிடுகிறோம், மூச்சையும் அடக்கிக்கொள்கிறோம். கயிறு வழியாக அது நாய்க்குப் போய்ச் சேருகிறது. 'ஏதோ ஆபத்து' என்று அதுவும் நெஞ்சை நிமிர்த்துகிறது. ஆகவே தூரத்திலேயே பார்த்துவிடுங்கள். இருபது முப்பது அடி இருக்கும்போதே, உங்கள் நாய் பாய்வதற்கு முன்னாலேயே, துண்டைக் காட்டிப் பேச்சுக் கொடுத்துக்கொண்டு ஒதுங்கி வளைந்து போங்கள். சந்து ஒடுக்கமாக இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். அதில் அவமானம் ஒன்றும் இல்லை. ஆட்டு மந்தைக்கும் இதே முறைதான். நாயோடு பேசிக்கொண்டே நடப்பதில் இன்னொரு லாபம், பேசுகிறபோது நீங்கள் மூச்சு விட்டுத்தான் ஆக வேண்டும். முதல் பத்து நாள் வீட்டில் இன்னொருவர் கூட வரட்டும். கயிறு உங்கள் கையிலேயே இருக்கட்டும், அவர் பக்கத்தில் நடந்தால் போதும்.

வெள்ளை இராஜபாளையம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த இனத்தில் சில குட்டிகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. கூப்பிட்டும் திரும்பவில்லை என்றால் திமிர் என்று அடித்துவிடாதீர்கள். அதற்குத் தெரியாமல் பின்னால் நின்று கையைத் தட்டிப் பாருங்கள். செவிடு என்றால் வார்த்தைக்குப் பதிலாகக் கையசைவு காட்டிப் பழக்கலாம், நன்றாகவே பழகும்.

தெருவுக்கு வருகிற நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசி கட்டாயம். மூன்று மாத வயதில் முதல் ஊசி, பிறகு கால்நடை மருத்துவர் சொல்கிறபடி ஆண்டுதோறும். ஊசி போட்ட நாயோ போடாத நாயோ, பல் பட்டுக் காயமானால் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிஷம் கழுவி, அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்காதீர்கள். இழுப்பது வேறு, கடிப்பது வேறு. உங்களைப் பார்த்தே உறுமுகிற, கடிக்க வருகிற நாயாக இருந்தால் நான் சொன்ன பாடத்தைத் தொடங்குமுன் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். உடம்பில் எங்காவது வலி இருந்தாலும் அப்படிச் செய்யும்.

எத்தனை நாள் ஆகும் என்று கேட்பீர்கள். களத்தில் ஒரு வாரம், பத்து நாளில் மாற்றம் தெரியும். தெருவில் நிம்மதியாக நடக்க இரண்டு மாதம், மூன்று மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றரை வயது வரைக்கும் விடலைப் பருவம். நடுவில் ஒரு வாரம் எல்லாம் மறந்த மாதிரி இழுக்கும், பிறகு திரும்பிவிடும்.

இதைக் கெடுப்பது பெரும்பாலும் நாய் இல்லை, லீவுக்கு ஊருக்கு வருகிற பையன்தான். அம்மா இரண்டு மாதம் பாடுபட்டுப் பழக்கியதை, 'நம்ம நாய் எப்படி இழுக்குது பாரு' என்று சிநேகிதர்களுக்குக் காட்டுவதற்காக ஒரே சாயங்காலத்தில் தெருவெல்லாம் இழுக்கவிட்டு ஓடுவான். அவன் பஸ்ஸை விட்டு இறங்கியதுமே, கயிறு இறுகினால் நிற்க வேண்டும் என்பதைச் சொல்லி, களத்தில் ஒரு சுற்று நடக்கவைத்துப் பார்த்துவிட்டு, அப்புறம் கயிற்றை அவன் கையில் கொடுங்கள்.