மயிலை அறியாத பெட்டி

காஞ்சிபுரத்துத் தறிக்கு மேலே உட்கார்ந்திருக்கும் ஜக்கார்டு பெட்டிக்கு மயிலும் தெரியாது, மாங்காயும் தெரியாது. அட்டையில் துளை இருந்தால் ஊசி உள்ளே போகும், கொக்கி மேலேறிப் பாவு இழையைத் தூக்கும். துளை இல்லாவிட்டால் இழை கீழேயே கிடக்கும். ஓர் ஊடைக்கு ஓர் அட்டை. மயிலை கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக நிரப்பி, 240 கொக்கிப் பெட்டி என்றால் அந்த 240-க்குள் அடக்கிக் கொடுப்பது டிசைன் போடுபவரின் திறமை.

இப்போது டிசைனை கம்ப்யூட்டரிலும் போடுகிறார்கள். அதில் ஓடுவது லினக்ஸ், பிரிண்டர் அடுத்த அறையில் வைஃபையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த பிரிண்டருக்கும் மயில் தெரியாது. லேசர் பிரிண்டர் என்றால் இந்த இடத்தில் கரிப்பொடி ஒட்டலாமா, கூடாதா என்பது மட்டுமே அதன் கணக்கு. அங்குலத்துக்கு 600 புள்ளி வீதம் ஒரு ஏ4 தாளில் ஏறக்குறைய மூன்றரைக் கோடி புள்ளிகள்!

பக்கத்தை பிரிண்டர் ஏற்கும் வடிவத்துக்கு, தேவைப்பட்டால் புள்ளி புள்ளியாகவே, மாற்றிக் கொடுப்பது கப்ஸ் என்ற மென்பொருள். மைக்கேல் ஸ்வீட் உருவாக்கிய இது 1999-இல் வெளிவந்தது; 2002-இல் ஆப்பிள் தன் மேக் கணினிகளில் சேர்த்துக்கொண்டது. அதற்கு முன்பு பெர்க்லி யூனிக்ஸிலிருந்து வந்த எல்பிடி இருந்தது. கோப்பை வரிசையில் போட்டு, 515-ஆம் போர்ட் வழியாக அனுப்பிவிடும். எதிரே இருக்கும் பெட்டிக்கு எத்தனை கொக்கி என்று கேட்க அதற்கு வழியே கிடையாது. அந்த விவரத்தை நாம்தான் தேடி எழுதிவைக்க வேண்டும். தவறினால், தாள் தாளாகப் புரியாத எழுத்துகள் வந்து விழும்.

கப்ஸ் பேசும் ஐபிபி நெறிமுறைக்கு 631-ஆம் போர்ட். இதில் கேள்வியும் உண்டு, பதிலும் உண்டு. எந்தத் தாள் ஏற்பாய், கலர் உண்டா, இரண்டு பக்கமும் அடிப்பாயா, அங்குலத்துக்கு எத்தனை புள்ளி? பிரிண்டரே வரிசையாகச் சொல்கிறது. இந்த உரையாடலைத்தான் நான் பெரிய சாதனையாக நினைக்கிறேன். முன்பின் பார்த்திராத இரண்டு இயந்திரங்கள், டிரைவர் என்ற இடைத்தரகர் இல்லாமல் புரிந்துகொள்கின்றன. புதிய பிரிண்டர்கள் தாம் இருப்பதையும் நெட்வொர்க்கில் தாமே அறிவிக்கின்றன. நாம் முகவரி அடிக்கவும் தேவையில்லை.

பழைய பிரிண்டர் என்றால் கொஞ்சம் கைவேலை உண்டு. பிரவுசரில் 'லோக்கல்ஹோஸ்ட்:631' பக்கத்தைத் திறந்து, பிரிண்டரின் ஐபி முகவரியைக் கொடுத்துச் சேர்க்க வேண்டும். அதே முகவரியை அந்த பிரிண்டருக்கே ஒதுக்கிவைக்கும்படி ரவுட்டரிலும் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் மின்சாரம் போய்வந்த பிறகு ரவுட்டர் வேறு முகவரி கொடுத்துவிடலாம். நேற்றுவரை ஓடிய பிரிண்டர் திடீரென்று கிடைக்காமல் போனால், முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.